மலை ஜீப்புக்கு அடித்தகடும் சாக்கிலும் செய்வது எப்படி

அடித்தகடு என்பது இன்ஜினுக்கு அடியில் கல் படாமல் மாட்டும் தகடு. சாக்கில் (shackle) என்பது ஸ்பிரிங் பட்டையின் ஒரு முனையை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு ஆடும்படி இணைக்கும் இரும்புத் துண்டு. தகடு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் வண்டியை நன்றாகக் கழுவி, அதற்கு அடியில் ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கள். கையில் ஒரு டார்ச்சும் ஒரு சாக்பீஸும் போதும். கல் உரசிய இடம் புதிதாக இருந்தால் பளபளவென்று தெரியும், பழையதாக இருந்தால் துருவேறிய கோடாகத் தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போடுங்கள். எந்தப் பாகம் எந்தத் திசையிலிருந்து அடி வாங்குகிறது என்று அப்போதுதான் புரியும். இதைச் செய்யாமல் படத்தைப் பார்த்துவிட்டு வந்து "இதே மாதிரி வேணும்ணே" என்று கேட்பவர்களை நான் முதலில் வண்டிக்கு அடியில்தான் அனுப்புவேன்.

போடியில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு காலையில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி, சாயங்காலம் இறங்கும் ஜீப்புகள்தான் எனக்கு முக்கியமான வேலை. மழை முடிந்ததும் கொழுக்குமலைக்குச் சுற்றுலா ஆட்களை ஏற்றும் வண்டிகளும் வரும். பெரும்பாலும் மகிந்திரா மேஜர், கமாண்டர். எப்போதாவது ஒரு ஜிப்ஸி. முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் பட்டையில், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகளில், நிற்கும் இந்த வகை வண்டிகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். 2020 முதல் வரும் மகிந்திரா தார் நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங்கில் நிற்பது. அதற்குக் கீழே சொல்லும் அடித்தகடு வேலை பொருந்தும், பட்டை வேலை பொருந்தாது.

இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது என் சித்தப்பாவின் கமாண்டரில். சூரியநெல்லியிலிருந்து மேலே ஏறும் கரடுமுரடான பாதையில் ஒரு கல் சரியாக, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் வடி போல்ட்டில் அடித்தது. ஆயில் பிரஷர் விளக்கின் பல்பு எரிந்துபோய் பல நாள் ஆகியிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் ஏறியிருக்கிறார், இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. உள்ளே எட்டுப் பேர். இறங்கி நடந்து வந்தார்கள், யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் இன்ஜின் வேலைக்கு அவர் வாங்கிய கடனை அடைக்க இரண்டு ஏலக்காய் சீசன் ஆனது. ஒரு தகடும் நாலு போல்ட்டும் அன்று இருந்திருந்தால் போதும். அதனால்தான் வண்டியை உயர்த்த வேண்டும் என்று யார் வந்தாலும், முதலில் அடித்தகடு, அப்புறம்தான் உயரம் என்று சொல்கிறேன்.

அடித்தகடு

தடிமனில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். கணக்கு எளிது. இரும்புத் தகடு 1 மி.மீ. தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. சம்ப்பிலிருந்து கியர்பாக்ஸ் வரை மறைக்க 900 மி.மீ. நீளம், 600 மி.மீ. அகலம் வைத்துக்கொள்ளுங்கள். 4 மி.மீ. தகடு 17 கிலோ வரும், 5 மி.மீ. தகடு 21 கிலோ, 8 மி.மீ. தகடு 34 கிலோ. நான் முதலில் போட்டது 8 மி.மீ. கெட்டியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். முன் பட்டை அமுங்கியது, வண்டி முன்பக்கம் தாழ்ந்து போனது, பாதுகாக்கப் போட்ட தகடே முன்பை விட அதிகமாகக் கல்லில் இடித்தது. இப்போது 4 மி.மீ. தகட்டையே போடுகிறேன், ஆனால் மடிப்பு வைத்து. நீளவாக்கில் இரண்டு மடிப்பு இருந்தால் மெல்லிய தகடும் வளையாது. வெறும் தட்டையான 6 மி.மீ. தகட்டை விட மடிப்புள்ள 4 மி.மீ. நன்றாகத் தாங்கும்.

அலுமினியம் கேட்பவர்களும் உண்டு. 5052 ரகம் 6 மி.மீ. போட்டால் இதே அளவு 9 கிலோவுக்குள் முடியும், துருவும் ஏறாது. ஆனால் கல்லில் வழுக்காமல் கொஞ்சம் கவ்வும். கிழிந்தால் மலையில் இருக்கும் சாதாரண வெல்டிங் கடையில் ஒட்ட முடியாது. தினமும் ஏறும் வண்டிக்கு இரும்புதான் என் முடிவு. அலுமினியம்தான் வேண்டும் என்றால் 6061 டி6 ரகத்தை மடிக்க வாங்காதீர்கள், மடிப்பிலேயே விரிசல் விடும்.

செய்முறைக்கு வருவோம். வண்டியின் சேஸிஸை இரண்டு பக்கமும் உறுதியான ஸ்டாண்டில் அல்லது மரக்கட்டையில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது, ஐந்து நிமிட வேலையாக இருந்தாலும் கூடாது. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி அடியில் பிடித்துப் பாருங்கள். போல்ட் இடங்கள், வடி போல்ட், ஆயில் ஃபில்டர், சைலன்சர் குழாய், முன் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் அட்டையில் குறியுங்கள். நான் ஒரு வண்டிக்கு மூன்று அட்டையாவது கெடுப்பேன். அட்டை மலிவு.

இன்ஜின் ரப்பர் மவுண்டில் ஆடும் என்பதை மறக்க வேண்டாம். தகட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவில் குறைந்தது 25 மி.மீ. இடம் விடுங்கள், தகடு அடி வாங்கி உள்வாங்கினாலும் சம்ப் தப்பும். முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் மேலும் கீழும் போகும், அதற்கு இன்னும் அதிக இடம் வேண்டும். முன் முனையைக் கண்டிப்பாக மேல்நோக்கிச் சாய்த்து, சேஸிஸின் முன் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்கு மேலே ஏற்றிவிடுங்கள். கீழே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு கலப்பை மாதிரி மண்ணைக் கிளறும். பின் முனையையும் அரை அங்குலமாவது மேலே மடிக்க வேண்டும். மலையில் ரிவர்ஸ் வருவது அன்றாடம், அப்போது கல் பின்னாலிருந்து மாட்டும்.

பெரிய ஊர்களில் பிரஸ் பிரேக் என்னும் தகடு மடிக்கும் இயந்திரத்தில் கொடுத்தால் ஒரே அமுக்கில் மடித்துக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் நான் செய்வது வேறு. மடிப்புக் கோட்டில் கிரைண்டரால் பாதித் தடிமன் வரை கீறல் போட்டு, ஆங்கிளில் கிளாம்ப் பிடித்து, அந்தக் கீறல் மூடும்படி மடித்து, மூடிய கோட்டின் மேல் முழு நீளத்துக்கும் வெல்டிங் ஓட்டுவேன். துண்டு துண்டாக ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் ஓட்டினால் சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும்.

ஆயில் வடிக்க ஒரு துளை, ஃபில்டர் கழற்ற ஒரு துளை, சேறு வழிய நாலைந்து நீளத் துளை. துளைகளின் ஓரத்தை உருட்டித் தேய்க்காவிட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் தகட்டைப் பெட்டி மாதிரி மூடிவிடாதீர்கள். மாசியிலும் பங்குனியிலும் மலையில் காய்ந்த புல் தகட்டுக்கு மேலே சேரும். சூடான குழாயில் பட்டால் பற்றிக்கொள்ளும். வாரம் ஒரு முறை கையை விட்டுப் புல்லை எடுக்கும் அளவுக்கு வழி இருக்க வேண்டும்.

போல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தகடு உடைந்து நான் பார்த்ததில்லை, போல்ட் போய்த்தான் பார்த்திருக்கிறேன். தலையில் 8.8 என்று பொறித்த எம்10 அல்லது எம்12 போல்ட் வாங்குங்கள். எம்10ஐ சுமார் 45 நியூட்டன் மீட்டர், எம்12ஐ சுமார் 80 நியூட்டன் மீட்டர் அளவுக்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கலாம். ஸ்டெயின்லெஸ் பார்க்க அழகு. ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ரகம் 8.8ஐ விட வலுக்குறைவு, நட்டும் மரையில் கடித்துச் சிக்கிக்கொள்ளும். கீழே நீட்டும் போல்ட் தலையைக் கல் ஒரே மாதத்தில் தேய்த்துவிடும், அப்புறம் ஸ்பேனர் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் முன்னாலும் பின்னாலும் தலையை விட உயரமாக ஒரு சின்ன பட்டைத் துண்டைச் சாய்வாக வெல்டு செய்து விடுகிறேன். கல் அதன் மேல் ஏறி வழுக்கிப் போய்விடும். துளையை நீளவாக்கில் கொஞ்சம் ஓவலாக வையுங்கள். தகடு லேசாக வளைந்த பிறகும் கழற்றி மாட்ட முடியும். மலையில் இருட்டில், ஒரே ஸ்பேனரால் இதைக் கழற்ற ஓட்டுநருக்கு முடிய வேண்டும். அதனால் ஒரு தகட்டுக்கு எல்லா போல்ட்டும் ஒரே அளவில்தான் போடுவேன்.

சேஸிஸில் துளை போடுவதானால் செங்குத்தாக நிற்கும் நடுச்சுவரில் மட்டும் போடுங்கள். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் போடவே கூடாது. வண்டியின் பாரம் முழுவதும் அந்த விளிம்புகளில்தான் இழுபடுகிறது. அங்கே போட்ட ஒரு துளையிலிருந்து விரிசல் ஏறி சேஸிஸ் பாதி பிளந்து வந்த ஒரு வண்டியைப் பார்த்திருக்கிறேன். முடிந்தவரை ஏற்கனவே இருக்கும் துளைகளையே பயன்படுத்துங்கள்.

பக்கக் குழாய்

கதவுக்குக் கீழே, சேஸிஸிலிருந்து நீண்டு நிற்கும் குழாய். வண்டி பாறையில் பக்கவாட்டில் சரிந்தால் உடம்பு நசுங்காமல் இது தாங்கும். ஏறி இறங்கும் படி என்று நினைத்து மெல்லிய குழாயில் செய்வது பயனில்லை. முழு வண்டியின் ஒரு பக்கத்து எடை இதில் உட்காரும். ஐஎஸ் 1239 ஒன்றரை அங்குல சி கிளாஸ் குழாய், அதாவது சிவப்புக் கோடு போட்டது, வெளி விட்டம் 48.3 மி.மீ., தடிமன் 4 மி.மீ. அதைப் போடுங்கள். செய்து முடித்ததும் சோதனை ஒன்றுதான்: நடுவில் ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்குங்கள். குழாய் வளையாமல் சக்கரம் தரையை விட்டு எழும்ப வேண்டும்.

குழாயைச் சேஸிஸில் நேரடியாக வெல்டு செய்யாதீர்கள். 6 மி.மீ. தகட்டில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, அதில் குழாயின் கையை வெல்டு செய்து, அந்தத் துண்டைச் சேஸிஸின் நடுச்சுவரில் போல்ட் போடுங்கள். சேஸிஸ் பெட்டி மாதிரி மூடியிருந்தால் துளைக்குள் ஒரு ஸ்லீவ் வைத்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் உள்ளே நசுங்கும். பலமான அடி விழுந்தால் குழாயின் கை வளையட்டும், போல்ட் அறுந்து போகட்டும். சேஸிஸ் வளைந்தால் வண்டியே போச்சு.

வெல்டிங்குக்கு முன்னால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். புதிய வண்டியானால் ஆல்டர்நேட்டர், கம்ப்யூட்டர் இணைப்புகளையும் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பிடியுங்கள். பேரிங் வழியாகக் கரண்ட் போனால் பேரிங் கெடும். டீசல் டேங்க் பக்கம் ஈரச் சாக்கு. 7018 வெல்டிங் ராடு பயன்படுத்துவதானால் நனைந்த பாக்கெட்டிலிருந்து எடுக்க வேண்டாம், ராடு காய வைக்கும் அடுப்பில் காய வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பட்டையும் சாக்கிலும்

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். பட்டையை உயர்த்தினால் சேஸிஸ்தான் உயரும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள அச்சுக் கூடான ஹவுசிங்கும், அதன் நடுவில் கியரோடு தொங்கும் கிரவுன் குடமும் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான். டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் குடம் ஓர் அங்குலம் எழும்பும். சாக்பீஸ் வட்டம் குடத்தில் மட்டும் விழுந்திருந்தால் பட்டை வேலை எதுவும் வேண்டாம்.

வண்டி உட்கார்ந்து போயிருப்பதால்தான் பலருக்கும் அடி இடிக்கிறது. நாலு சக்கரத்திலும் நடு அச்சிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடித்து எழுதுங்கள். ஓட்டுநர் பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்படியானால் உங்களுக்குத் தேவை உயரம் கூட்டும் வேலை கிடையாது, பட்டையைப் பழைய வளைவுக்குக் கொண்டுவரும் வேலை. சூடாக்காமல் சுத்தியலால் அடித்து வளைத்துக் கொடுத்தால் சில மாதத்தில் திரும்பவும் உட்காரும். சூடாக்கி வளைத்து, எண்ணெயில் குளிர வைத்து, பதம் பார்த்துத் தரும் பட்டைக் கடைக்கே போங்கள். மெயின் பட்டையில் விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள். பட்டையில் ஒருபோதும் வெல்டிங் வைக்கக் கூடாது. வெல்டு தெறிக்கும் ஒரு பொட்டுகூட விழக் கூடாது. அந்தப் பொட்டிலிருந்து விரிசல் ஓடும். பக்கத்தில் வெல்டு செய்யும்போது ஈரச் சாக்கைப் போர்த்திவிடுங்கள்.

ஒரு பட்டையைக் கூட்டிப் போடுவது மலிவு, பாரமும் தாங்கும். ஆனால் காலி வண்டியில் துள்ளும். பாறையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க மறுத்து அந்தரத்தில் சுற்றும். மூட்டை ஏற்றும் வண்டிக்குப் பின்னால் ஒன்று போடுவேன். ஆள் ஏற்றும் வண்டிக்குப் போட மாட்டேன். பின்னால் உட்காருபவர்களின் முதுகையும் நினைக்க வேண்டும்.

நீள சாக்கில் செய்தால், கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாக வரும். பட்டையின் ஒரு முனை மட்டும் இறங்குகிறது, ஹவுசிங் நடுவில் இருக்கிறது, அதனால் பாதி. பழைய சாக்கிலை விட ஓர் அங்குலத்துக்கு மேல் நான் கூட்டுவதில்லை. அதற்கு மேல் போனால் வளைவில் வண்டி பக்கவாட்டில் அலையும். முன் பட்டைக்கு முன் முனையில் சாக்கில் இருக்கும் பழைய ஜீப்புகளில் இன்னொரு தொல்லை: அந்த முனை கீழே இறங்கும்போது ஹவுசிங் முன்னோக்கிச் சுழன்று, கேஸ்டர், அதாவது ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம், குறையும். ஸ்டீயரிங் திருப்பினால் தானாக நேராக வராது, நேர் ரோட்டில் வண்டி அலைபாயும். பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் ஆப்பு வடிவ இரும்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம். வேலைக்கு முன்னும் பின்னும் ஹவுசிங்கின் சாய்வை ஆங்கிள் கேஜில் பார்த்து எழுதி வையுங்கள், ஆப்பின் தடித்த பக்கம் எங்கே வர வேண்டும் என்று அதுவே சொல்லும். அலுமினிய ஆப்பு வேண்டாம், நசுங்கிப் பிளக்கும்.

சாக்கிலுக்கு 10 மி.மீ. தடிமன் இரும்பு ஃபிளாட் எடுங்கள். நான்கு துண்டையும் ஒன்றாகக் கவ்வி ஒரே தடவையில் டிரில் போட வேண்டும். தனித்தனியாகப் போட்டால் கால் மி.மீ. மாறும், போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் புஷ் ஒரு பக்கமாகத் தேயும். கேஸ் கட்டிங்கில் துளை எடுக்கவே கூடாது. இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டைக் குறுக்கே வெல்டு செய்து ஹெச் வடிவில் ஆக்குங்கள், பக்கவாட்டு ஆட்டம் நின்றுவிடும். போல்ட்டின் மரை தகட்டுக்குள் வரக் கூடாது, மொழுக்கையான தண்டுதான் தகட்டில் உட்கார வேண்டும். உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு, ஒவ்வொரு முறையும் புதிது.

மாட்டும்போது சாக்கில் போல்ட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, அதன் பாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் முழுக்க இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

பட்டையை ஹவுசிங்கோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட் புதிதாகத்தான் போட வேண்டும். ஒரு முறை இழுபட்டது மறுபடி அதே பிடியைத் தராது. நாலு நட்டையும் குறுக்காக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பட்டை ஹவுசிங்குக்குக் கீழே இருக்கும் வண்டிகளில் யூ போல்ட்டின் மரை முனை கீழே தொங்கிக் கல்லில் நசுங்கும். அடியில் வரும் யூ போல்ட் தகட்டை மாட்டுவதற்கு முன்பே, அதில் சாய்வாக ஒரு சின்னக் கவசம் வெல்டு செய்து வைத்துவிடுவேன்.

உயர்த்திய பிறகு சேஸிஸைத் தூக்கிச் சக்கரங்களை முழுக்கத் தொங்க விடுங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா? ஹவுசிங்கின் காற்றுக் குழாய் எட்டுகிறதா? புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நீண்டு சுருங்கும் ஸ்லிப் ஜாயின்ட் போதுமான அளவு உள்ளே இருக்கிறதா? ஷாக் அப்சார்பர்தான் சக்கரத்தைத் தாங்கித் தொங்குகிறது என்றால் அதன் நீளம் போதாது. அப்புறம் எதிர் நிலை: ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி அமுக்கிப் பாருங்கள். ஷாக் அடி தட்டுவதற்கு முன்பே பம்ப் ஸ்டாப் ரப்பர் தட்ட வேண்டும். பிரேக் ஹோஸ் நீளமாக மாற்றினால் பிரேக் லைனில் உள்ள காற்றை எடுக்காமல் வண்டியைப் பட்டறையை விட்டு நகர்த்தவே கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். முன்னால் பெரிய இரும்புக் கம்பி வைக்கக் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவர் மேல் மோதினால் அந்தக் கம்பி செய்யும் சேதமும் பெரிது. சாக்கில், பட்டை வேலைக்கு முன்னால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் எல்லா நட்டிலும் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து, அதே கோட்டைத் தகட்டிலும் தொடருங்கள். முதல் 100 கிலோமீட்டரில் ஒரு தடவை, 500இல் ஒரு தடவை கட்டாயம் பாருங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது, உடனே இறுக்குங்கள். பட்டைகள் ஒன்றோடொன்று படிய நாளாகும் என்பதால் யூ போல்ட் எப்படியும் கொஞ்சம் இளகும். என் சித்தப்பா இப்போதும் அதே கமாண்டரைத்தான் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் விரித்து அடியில் படுத்து, டார்ச் அடித்து ஒவ்வொரு கோடாகப் பார்ப்பார். எழுந்ததும் சாவியைத் திருப்பி, ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டீக்குப் போவார்.